மாரிக்கனி மாமாவின் சின்னக் காது

கண்ணு,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் இரண்டு வாக்கியம் தாண்டினால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று ஆரம்பித்துவிடுவாய். மூன்றாவது "சரிம்மா"வுக்கு உன் வீட்டுக் குக்கர் விசில் அடிக்கும், வைத்துவிடுவாய். கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போய் ஒரு வருஷத்தில் நீ கற்றுக்கொண்ட பெரிய வித்தை அதுதான். அதனால் எழுதுகிறேன். முப்பது வருஷம் அங்கன்வாடியில் பிள்ளைகளை உட்கார வைத்துப் பேசியவள் நான், எடுத்த பேச்சை முடிக்காமல் எழுந்திருக்க மாட்டேன். நீயும் இப்போது எல்.கே.ஜி. டீச்சர். ஒரு டம்ளர் காப்பியைப் போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்து படி.

ஞாயிற்றுக்கிழமை நீ பேசியதில் இருந்து எனக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. தீபாவளி வருகிறது, வகுப்பில் பாதுகாப்பு வாரம் நடத்தப்போகிறேன், நம்மிடம் இருந்த 'நமக்கு உதவுபவர்கள்' சார்ட்டை அனுப்பும்மா என்று கேட்டாய். கேட்டதும் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஆனால் அடுத்ததாக ஒன்று சொன்னாய் பார். தீப்பட்ட கை, தீப்பட்ட முகம் என்று நெட்டில் இருந்து படங்கள் எடுத்து வைத்திருப்பதாகவும், அதை ஒருதடவை காட்டினால் போதும், ஜென்மத்துக்கும் பட்டாசைத் தொடமாட்டார்கள் என்றும் சொன்னாய். அப்போது எனக்கு உன் வகுப்பு இனியா ஞாபகம் வந்தாள். பள்ளிக்கூடம் திறந்த வாரம் நீயே சொன்னாய், பிறக்கும்போதே ஒரு கன்னம் முழுக்கச் சிவப்புத் திட்டோடு பிறந்த பிள்ளை, முன்வரிசையில் உட்காரும், எல்லாக் கேள்விக்கும் முதலில் கை தூக்கும் என்று. நீ அந்தப் படத்தைத் தூக்கிக் காட்டும்போது மற்ற பிள்ளைகள் எல்லாம் யாரைத் திரும்பிப் பார்க்கும் என்று யோசித்தாயா? யோசித்திருக்க மாட்டாய். உன்னைக் குறை சொல்லவில்லை. இதே காரியத்தை உன்னைவிட நன்றாகச் செய்தவள் நான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ வருகிற திங்கட்கிழமை வகுப்புக்குப் போகும் முன் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று உன் அப்பாவை விரட்டிக்கொண்டிருக்கிறேன்.

சார்ட் கிடைத்துவிட்டது. உன் அப்பா பரணில் ஏறித் தேடினார். எடுத்துக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டியதுதானே? அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொரு சார்ட்டாக விரித்து, "இது சயான் விலகியிருக்கு, இது மெஜந்தா விலகியிருக்கு" என்று ஒரு மணி நேரம் பிரசங்கம். பிரஸ்ஸில் மெஷின்மேனாக இருந்தவரைப் பரணில் ஏற்றினால் அப்படித்தான். உனக்கு ஞாபகம் இருக்கும், இந்தியா முழுக்கப் பள்ளிக்கூடங்களில் தொங்குகிற சார்ட்டுகள் இங்கே சிவகாசியில்தான் அச்சாகும். ஆனால் நம் அங்கன்வாடிக்கு என்று ஒரு நல்ல சார்ட் வந்ததில்லை. அப்பாதான் கலர் விலகிப் போன வேஸ்ட் ஷீட்டுகளை முதலாளியிடம் கேட்டு வாங்கிவருவார். நம் சார்ட்டில் போலீஸ்காரருக்கு மீசை காதுப் பக்கம் போய்விட்டது. தபால்காரருக்கு இரண்டு மூக்கு. நர்ஸம்மாவின் உதடு தாடையில் இருக்கும். மொத்தம் பன்னிரண்டு கட்டம், பன்னிரண்டாவதில் மை விழவே இல்லை, வெறும் வெள்ளை. பிள்ளைகளுக்கு அந்த ரெட்டை மூக்குத் தபால்காரர் என்றால் உயிர். அந்தக் கோணல் முகங்களைப் பார்த்து ஒரு பிள்ளைகூடப் பயந்ததில்லை. பயப்பட வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அவர்களும் பயப்படவில்லை, அவ்வளவுதான்.

இனி என் கதைக்கு வருகிறேன். உனக்கு அப்போது நாலு வயது முடியவில்லை. என்னோடு அங்கன்வாடிக்கு வருவாய். நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தீபாவளியைவிடத் தீபாவளிக்கு மறுநாள்தான் கொண்டாட்டம். தெருவெல்லாம் வெடிக்காமல் புஸ்ஸென்று போன வெடிகள் கிடக்கும். அதைப் பொறுக்கி, பிரித்து, உள்ளே இருக்கிற மருந்தைக் காகிதத்தில் கொட்டிக் குவித்துக் கொளுத்துவார்கள். அந்த வருஷம் பக்கத்து ஊரில் ஒரு ஐந்து வயதுப் பிள்ளைக்கு இரண்டு விரல் போய்விட்டது. எனக்கு அந்தச் செய்தி வந்த நாளில் இருந்து சோறு இறங்கவில்லை. என் பொறுப்பில் இருபத்தாறு பிள்ளைகள். பெற்றவர்களில் முக்கால்வாசிப் பேர் விஸ்வநத்தம், நாரணாபுரம் பக்கம் பட்டாசுக் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள். காலையில் வேன் ஏறும்போது பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு, "பாத்துக்கோங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நானும் பாட்டுப் பாடிச் சொன்னேன், கதையாகச் சொன்னேன், மிரட்டியும் சொன்னேன். சரி சரி என்று தலையாட்டிவிட்டு மதியமே ஒருத்தன் டவுசர் பையில் இருந்து நாலு லட்சுமி வெடி எடுத்துக் காட்டினான்.

அந்த நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே மாரிக்கனி அண்ணாச்சி வந்தார். உனக்கு மாரிக்கனி மாமா. ஊராட்சித் தண்ணீர்த் தொட்டியை அப்போதும் அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் விட்டு ஒருநாள் பத்து மணிக்கு அந்த நீள இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு வருவார். அங்கன்வாடி ஜன்னலுக்குக் கீழே இருக்கிற வால்வைக் குனிந்து திருப்புவார், எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரும். அதற்கு மூன்று வருஷம் முன்பு ஒரு பட்டாசுக் கம்பெனி விபத்தில் அவருக்கு இடது பக்கம் முகமும் காதும் கையும் வெந்துபோயிருந்தது. இடது கையில் இரண்டு விரல் ஒட்டிவிட்டது. எனக்கு அந்தக் கணத்தில் என்ன புத்தி போனதோ, லட்சுமி வெடி வைத்திருந்தவனை ஜன்னல் பக்கம் இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். எல்லாப் பிள்ளைகளும் ஓடிவந்து எட்டிப் பார்த்தார்கள். நீயும்தான். "பாத்துக்கோங்க. வெடியக் கையில எடுத்தா மூஞ்சி இப்படித்தான் ஆகும். அந்த மாமா மாதிரி ஆகணுமா?" என்று கேட்டேன். இருபத்தாறு பிள்ளைகளும் ஒரே குரலில் "வேண்டாம் டீச்சர்" என்றார்கள். நீதான் சத்தமாகச் சொன்னாய்.

அது பலித்தது, கண்ணு. அதுதான் கொடுமை. அன்றைக்கே பையில் இருந்த வெடியெல்லாம் என் மேஜைக்கு வந்துவிட்டது. சூப்பர்வைசர் வந்தபோது, "உங்க சென்டர் பிள்ளைக மாதிரி யாருமில்லை" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வாரம் ஒருதடவை ஜன்னல் பாடத்தைத் திருப்பி நடத்தினேன். அம்மாக்களும் பிடித்துக்கொண்டார்கள். சாப்பிடாத பிள்ளைக்கு, தூங்காத பிள்ளைக்கு, "மாரிக்கனியக் கூப்பிடவா?" என்று ஆரம்பித்தார்கள். அவர் தெருவில் வந்தால் விளையாடுகிற பிள்ளைகள் வீட்டுக்குள் ஓடும். நான் அதைப் பார்த்து, பரவாயில்லை, விரல் மிச்சம் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

கொஞ்ச நாளில் தண்ணீர் நேரம் மாறிவிட்டது. பத்து மணிக்கு வந்த தண்ணீர் விடிகாலை ஐந்து மணிக்கு வர ஆரம்பித்தது. பெண்கள் எல்லாம் தூக்கம் கெட்டுச் சபித்தோம். ஒருநாள் வழியில் பார்த்தபோது நானே சண்டைக்குப் போனேன். "என்ன அண்ணாச்சி, உங்க இஷ்டத்துக்கு நேரத்த மாத்துறீக? நாங்க குடத்தத் தூக்கிக்கிட்டு இருட்டுல அலையணுமா?" என்றேன். அவர் துண்டை எடுத்துத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, "கரண்டு அப்பத்தான் டீச்சர் நல்லா வருது" என்றார். நான் நம்பவில்லை. சோம்பேறித்தனம், காலையிலேயே வேலையை முடித்துவிட்டுப் படுக்கப் பார்க்கிறார் என்று உன் அப்பாவிடம் சொன்னேன்.

அடுத்த ஆடி மாதம், காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு மதியம். பிள்ளைகள் சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவ ஆயா பாண்டியம்மாள் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். பூமி அதிர ஒரு சத்தம். ஜன்னல் கதவெல்லாம் அடித்துக்கொண்டது. கொஞ்சத் தூரத்தில் ஒரு கம்பெனியில் ஷெட் ஒன்று வெடித்துப் போனது. ஆட்கள் எல்லாரும் சாப்பாட்டுக்கு வெளியே வந்திருந்த நேரம் என்பதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அப்போது எங்களுக்குத் தெரிந்தது கறுப்புப் புகை மட்டும்தான். ரோட்டில் வேனும் பைக்கும் பறக்கின்றன. பிள்ளைகளை வேப்பமரத்தடியில் உட்கார வைத்து எண்ணினேன். இருபத்தைந்து. மறுபடி எண்ணினேன். மூன்றாவது தடவை எண்ணும்போதுதான் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தேன், இல்லாதது நீ.

பாண்டியம்மாளிடம் பிள்ளைகளை விட்டுவிட்டு ஓடினேன். நடந்தது என்னவென்று எனக்குப் பிறகு தெரிந்ததை வரிசையாகச் சொல்கிறேன். சத்தம் கேட்டதும் நீ தட்டைப் போட்டுவிட்டு ரோட்டைப் பார்த்து ஓடியிருக்கிறாய். தண்ணீர்த் தொட்டி மோட்டார் ரூம் வாசலில் நின்ற மாரிக்கனி அண்ணாச்சி பார்த்துவிட்டு, "ஏ தாயி, நில்லு, அங்கன போகாத" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடிவந்திருக்கிறார். நீ திரும்பிப் பார்த்தாய். வந்தது அந்த முகம். ரோட்டோரப் பள்ளத்தில் குதித்து, ரோட்டுக்கு அடியில் போகிற சிமெண்டுக் குழாய்க்குள் புகுந்துவிட்டாய். குழாயின் மறுவாய்க்குப் பக்கத்தில் ஒரு தரைக்கிணறு உண்டு. சுற்றுச்சுவர் கிடையாது. இந்தப் பக்கம் இருந்து அவர் கூப்பிடக் கூப்பிட நீ உள்ளே உள்ளே போகிறாய். யோசித்துப் பார், உதவிக்கு வந்த ஆளைப் பார்த்து என் பிள்ளை கிணற்றுப் பக்கம் தவழ்ந்துகொண்டிருந்தது. தவழ வைத்தது நான்.

அவருக்குப் புரிந்துவிட்டது. கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். ரோட்டைத் தாண்டி மறுபக்கம் ஓடி, குழாய் வாயை அடைத்தாற்போல் கிணற்றுக்கும் உனக்கும் நடுவில் உட்கார்ந்துவிட்டார். முகத்தைக் காட்டாமல் முதுகைக் காட்டிக்கொண்டு, தலையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு உட்கார்ந்தாராம். என்னைக் கூப்பிட வரலாம் என்றால் கிணற்றுப் பக்கம் காவல் இல்லாமல் போய்விடும். அங்கிருந்து கத்தினால் வண்டிச் சத்தத்தில் எனக்குக் கேட்காது. அதனால் அவர் பாட ஆரம்பித்தார். என் பாட்டை. 'டிங் டிங் டிங் டிங் வண்டி வருது, யாரு வண்டி? தீயை அணைக்கும் மாமா ஓட்டும் செவப்பு வண்டி' என்று நான் தினம் பாட வைப்பேனே, அது. ஜன்னலுக்குக் கீழே வால்வு திருப்பிய நாட்களில் கேட்டுக் கேட்டு அவருக்குப் பாடமாகியிருந்தது. ஆனால் அவர் சரியாகப் பாடவில்லை. "ஐஸ் விக்கிற மாமா ஓட்டும் பச்சை வண்டி" என்று பாடினார். டீச்சர் மகளுக்குப் பொறுக்குமா? குழாய்க்குள் இருந்து, "ஐஸ் இல்ல, தீ" என்று ஒரு குரல் வந்ததாம். அவர் மறுபடியும் ஐஸ் என்றே பாடினார்.

நான் தேடிக்கொண்டு ஓடிவந்தபோது ரோட்டுக்கு மறுபக்கம் இருந்து பாட்டுக் கேட்டது. தொட்டிக்குள் இருந்து பேசுகிற மாதிரி ஒரு கரகரத்த குரல், அதைத் திட்டித் திருத்துகிற ஒரு கீச்சுக் குரல். போய்ப் பார்த்தால் நீங்கள் இரண்டு பேரும் பள்ளத்தின் கரையில், கிணற்றை விட்டுத் தள்ளி, முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்திருக்கிறீர்கள். நான் உன்னை வாரித் தூக்கினேன். நீ என் தோளில் இருந்து அவரைக் காட்டிக் கேட்டாய். "அம்மா, இந்த மாமா எந்த வெடியக் கையில எடுத்தாரு?" அவர்தான் துண்டுக்குள் இருந்து பதில் சொன்னார். "மாமா ஒண்ணுமே எடுக்கலயே தாயி. ஒழுங்காத்தான் வேலை பாத்தேன். டீ குடிச்சுட்டுத் திரும்பி வந்துக்கிட்டிருந்தேன், பக்கத்து ரூம்ல பிடிச்சிருச்சு."

டீ குடித்துவிட்டு வந்த மனுஷனை, வெடியை எடுத்துத் தானே கெடுத்துக்கொண்டவர் என்று எட்டு மாதமாக இருபத்தாறு பிள்ளைகளையும் நம்ப வைத்திருக்கிறேன். எப்படி ஆயிற்று என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதுகூட இல்லை. வால்வு ஜன்னலுக்குக் கீழேதான் இருக்கிறது. என் பாட்டெல்லாம் கேட்ட காதுக்கு நான் அவரைப் பற்றிச் சொன்னது மட்டும் கேட்காமலா இருந்திருக்கும்? கரண்டு நல்லா வருது என்று சொன்னாரே, அது ஏன் என்றும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிள்ளைகள் கண்ணில் படக்கூடாது என்று அந்த மனுஷன் இருட்டிலேயே வந்து தண்ணீர் திறந்துவிட்டுப் போயிருக்கிறார். நான் அவரைச் சோம்பேறி என்றேன்.

மறுநாள் மோட்டார் ரூமுக்குப் போனேன். "அண்ணாச்சி, நான் பேசினது பெரிய தப்பு" என்றேன். "அட விடுங்க டீச்சர். என்னையச் சொல்லி நாலு பிள்ளைக்கு விரலு தப்பிச்சா, சொல்லிட்டுப் போங்க" என்றார். அவர் நறுக்கென்று நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக வீட்டுக்கு வந்திருப்பேன். அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. டீச்சர் அழுவதைப் பார்க்க அவருக்குச் சங்கடம். "மோட்டாரு ஓடுது, ஆஃப் பண்ணணும்" என்று எழுந்தார். நான் விடவில்லை. "நாளையில இருந்து பழையபடி பத்து மணிக்கு வாங்க" என்றேன். "பிள்ளைக பயப்படுதுக டீச்சர்." "பயத்த வச்சவ நான். அத எடுக்கிறது என் வேலை. நீங்க வாங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பயத்தை வைக்க ஒரு நிமிஷம் ஆனது, எடுக்க மாதக்கணக்கில் ஆனது. முதலில் பிள்ளைகளிடம், டீச்சர் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். டீச்சருக்குத் தப்பு வருமா என்று ஒருத்தி ஆச்சரியமாகக் கேட்டாள். வரும், நிறைய வரும் என்றேன். அவர் பத்து மணிக்கு வந்தபோது மூன்று பேர்தான் வெளியே வந்தீர்கள், மற்றவர்கள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நீதான் முன்னால் போய், அந்த இரும்புச் சாவியைப் பிடித்து அவரோடு சேர்ந்து சுற்றினாய். வால்வு முழுக்கத் திறக்கப் பதினெட்டுச் சுற்று. பதினெட்டு வரைக்கும் எண்ணக் கற்றுக்கொண்டதே நம் பிள்ளைகள் அங்கேதான். கேள்விகள் வந்தன. வலிக்குமா? "இப்ப வலிக்கல, வெயில்ல மட்டும் எரியும்." தொடலாமா? "கேட்டுட்டுத் தொடலாம்." அவ்வளவு சுலபமாக அவர் பதில் சொன்னார். முத்துலட்சுமி என்று ஒருத்தி மட்டும் அடுத்த பொங்கல் வரைக்கும் கிட்டே வரவில்லை. அவளை யாரும் பிடித்து இழுக்கவில்லை. ஒருநாள் அவளாகவே வந்தாள்.

அப்போதுதான் சார்ட்டின் பன்னிரண்டாவது கட்டம் ஞாபகம் வந்தது. போலீஸ், நர்ஸ், தீயணைப்பு வீரர் எல்லாம் இருக்கிறார்கள், எங்கள் ஊருக்குத் தண்ணீர் தருகிறவர் இல்லையே என்று அந்த வெள்ளைக் கட்டத்தில் மாரிக்கனி அண்ணாச்சியை வரைந்தேன். தோளில் சாவியும் கையில் வாளியுமாக. அங்கேயும் ஒரு தப்புச் செய்தேன். முகத்தைச் சுத்தமாக, தழும்பே இல்லாமல், கன்னம் பளபளவென்று வரைந்து வைத்தேன். மரியாதை செய்கிறேன் என்று நினைப்பு. நீ பார்த்துவிட்டு, "இது யாரு?" என்று கேட்டாய். மாரிக்கனி மாமா என்றேன். "இல்ல" என்று சொல்லிவிட்டு, காவி நிறக் கிரேயானை எடுத்து இடது கன்னம் முழுக்க அழுத்தித் தேய்த்தாய். எனக்குப் பதறிவிட்டது, அவர் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் உள்ளே எட்டிப் பார்த்து, "காது? அந்தப் பக்கக் காது சின்னதுல்ல தாயி" என்றார். நீ ரப்பரை எடுத்துக் காதைப் பாதி அழித்தாய். பிறகு இரண்டு பேரும் திருப்தியாகப் பார்த்தீர்கள். போன வருஷம் நீ அந்தச் சார்ட்டைப் பார்த்து, யாரோ பிள்ளை கிறுக்கியிருக்கிறதே என்று சிரித்தாய். கிறுக்கியது நீதான்.

வெடி விஷயம் என்ன ஆனது என்று கேட்பாய். அதற்கு வழி சொன்னதும் அவர்தான். அடுத்த தீபாவளிக்கு மறுநாள் காலை வாளி நிறையத் தண்ணீரோடு அவர் தெருவில் முன்னால் போனார், பிள்ளைகள் பின்னால். வெடிக்காத வெடியைக் கண்டுபிடித்து, தள்ளி நின்று, விரலை நீட்டி "மாமா" என்று கத்துவது பிள்ளைகள் வேலை. எடுத்து வாளியில் போடுவது அவர் வேலை. தொடாமல் காட்டுவதில்தான் போட்டி. யார் அதிகம் காட்டினார்கள் என்று வீடு போகிற வரைக்கும் சண்டை. இன்றைக்கும் அது நடக்கிறது, முன்பு பின்னால் போனவர்களின் பிள்ளைகள் இப்போது பின்னால் போகின்றன. பயமுறுத்தின வருஷம் பிள்ளைகள் வெடியைப் பார்த்தால் என்னிடம் சொல்லாமல் ஓடினார்கள். வாளி வந்த பிறகு, பார்த்ததும் ஆள் கூப்பிட்டார்கள். ஆபத்து என்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும், அந்த ஆளைக் கண்டு அது ஓடக்கூடாது. முப்பது வருஷத்தில் நான் கற்றது மொத்தமும் இவ்வளவுதான்.

ஆகவே அந்தப் படங்களைக் காட்டாதே. இனியாவைப் பற்றித் தனியாக எதுவும் பேசி வைக்காதே, "பாவம், அவகிட்ட அன்பா இருங்க" என்று மட்டும் சொல்லவே சொல்லாதே. பாவம் என்று கேட்ட பிள்ளை அப்புறம் கை தூக்காது. யாராவது அவளிடம் கன்னத்தைப் பற்றிக் கேட்டால் அதட்டி அடக்காதே, அவள் என்ன சொல்கிறாள் என்று பார். அவள் சொல்லப் பிரியப்படாவிட்டால் விட்டுவிடு, அது அவள் கன்னம். உன் பள்ளிக்கூடத்தில் சார்ட்டில் இல்லாத ஆட்கள் யார் யார் என்று பிள்ளைகளையே தேடச் சொல். குப்பை வண்டி ஓட்டுகிற அக்காவோ, வாட்ச்மேனோ, வேன் டிரைவரோ யாராவது இருப்பார்கள். தப்பாக ஏதாவது சொல்லிவிட்டால், தப்பு என்று பிள்ளைகள் முன்னாலேயே ஒப்புக்கொள். அதற்கு அப்புறம் அவர்கள் உன்னை இன்னும் கொஞ்சம் நம்புவார்கள். என் அனுபவம்.

இதையெல்லாம் உனக்கு எழுதலாமா என்று இன்று காலை அவரிடம் கேட்கப் போனேன். பத்து மணிக்கு அங்கன்வாடி ஜன்னலடியில்தான் இருந்தார். முடியெல்லாம் நரைத்துவிட்டது, சாவி அதேதான். எழுதப்போவதை முழுக்கச் சொன்னேன். கேட்டுவிட்டு, "எழுதுங்க டீச்சர். ஆனா ஒண்ண விட்டுட்டீக" என்றார். எதை என்று கேட்டேன். "நீங்க வந்து பாக்கும்போது நாங்க கரையில உக்காந்திருந்தோம். பிள்ளை குழாய விட்டு எப்படி வெளிய வந்துச்சுன்னு இன்னை வரைக்கும் நீங்க கேக்கலயே." கேட்கவில்லைதான், கண்ணு. இத்தனை வருஷமும் கேட்கத் தோன்றவில்லை.

சாவியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுச் சொன்னார். "பாட்டத் திருத்திக்கிட்டே வாய் வரைக்கும் வந்துருச்சு. அங்கன கல்லெல்லாம் வழுக்கும், பக்கத்துல கிணறு. மூஞ்சியத் திருப்பாம, பின்னால கைய மட்டும் நீட்டுனேன். அவசரத்துல இந்தக் கை போயிருச்சு." இடது கையைக் காட்டினார், ஒட்டிய இரண்டு விரலோடு. "ஐயோ, பிள்ளை பயந்துருமேன்னு வெடுக்குன்னு இழுத்துட்டு மறு கைய நீட்டப் பாத்தேன். உங்க மக விடல டீச்சர். ரெண்டு விரலையும் சேத்துப் பிடிச்சுக்கிட்டு, பச்சை வண்டி இல்ல, செவப்பு வண்டின்னு சொல்லிக்கிட்டே கரை ஏறி வந்துச்சு. அதுக்கு முந்தி மூணு வருஷத்துக்கு மேல அந்தக் கைய யாரும் தொட்டதில்ல. அதையும் எழுதுங்க."

எழுதிவிட்டேன். சார்ட்டை அப்பா சுருட்டிக் கட்டிக்கொண்டிருக்கிறார், கூடவே ஒரு காவி நிறக் கிரேயானும் வருகிறது. சுவரில் மாட்டும்போது பன்னிரண்டாவது கட்டம் இனியாவின் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருக்கட்டும்.

அம்மா